முதலாம் நாளும் நாலாம் நாளும்

கல்முனை,
14.07.1954

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் எபனேசருக்கு, உமது அக்கா கிருபாமலரின் கணவர் நேசராசா எழுதுவது. திருகோணமலையில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

அக்காவின் கண்ணில் மிச்சமிருந்த பார்வையும் வைகாசியோடு போய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை உம்மிடம் கூட்டிப்போய் வைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தீர். அதற்கு அவசியமில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவனுக்கு ஒரு வீட்டை நடத்தத் தெரியாதா? சோறு நாலு நாள் அடிப்பிடித்தது உண்மை. அது அடுப்பின் குற்றம்.

தினமும் காலையில் அவளுக்கு வேதம் வாசிக்கிறேன். ஆதியாகமத்தில் தொடங்கினேன். வெளிச்சம், இருள் என்று வரும் இடமெல்லாம் அவள் மனம் நோகுமே என்று, ஒருவருக்கும் சொல்லாமல் அந்த வசனங்களைத் தாண்டித் தாண்டி வாசித்தேன், ஆனால் அந்த அதிகாரத்தில் வெளிச்சத்தைக் கழித்தால் மீன்களும் பறவைகளும் கொஞ்சம் புல்லும்தான் மிஞ்சுகின்றன என்பது வாசிக்கும்போதுதான் தெரிந்தது. இருபது வருடம் ஞாயிறுப் பள்ளியில் படிப்பித்தவள் அவள். கடைசிவரை கேட்டுவிட்டு, “முதலாம் நாளும் நாலாம் நாளும் எங்க போச்சு?” என்றாள். நான் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். “விடாம வாசிங்க” என்றாள். வாசித்தேன். “வெளிச்சம் முதலாம் நாள், சூரியன் நாலாம் நாள் எண்டா, நடுவுல மூண்டு நாளும் எந்த வெளிச்சம்?” என்று கேட்டாள். அதோடு விட்டாளா? கிட்டப் போக முடியாத ஒளியில் தேவன் வாசம்பண்ணுகிறார் என்று பவுல் சொல்ல, காரிருளில் வாசம்பண்ணுவதாக அவரே சொன்னார் என்று சாலொமோன் சொல்கிறானே, இரண்டில் எது என்றும் கேட்டாள்.

போதகரிடம் போனேன். ஆழமான விஷயம் என்று சொல்லித் தேத்தண்ணீர் தந்தார். திரும்பும் வழியில் கல்முனைக்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் சாலிஹிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “மாஸ்டர், அதப் பொறவு பாப்பம். டீச்சர் கிணத்தடிக்கு எப்பிடிப் போற?” என்றார். அன்று பின்னேரமே வந்து குசினிக் கதவிலிருந்து கிணற்றடிவரை கயிறு கட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் வந்தாள். இரண்டு கண்ணும் உள்ள நான்தான் மறுநாள் அதே கயிற்றில் கழுத்துச் சிக்கி விழுந்து மூக்குக்கண்ணாடியை உடைத்தேன். ஒற்றைக் கண்ணாடியால்தான் இதை எழுதுகிறேன், எழுத்துச் சரிந்திருந்தால் மன்னிக்கவும்.

வேதத்தின் பொடி எழுத்தை இந்தக் கண்ணாடியால் வாசிக்க வழியில்லாததால் இப்போது அவள் மனப்பாடமாகச் சொல்ல, நான் கேட்கிறேன். ஒரு வசனமும் விடுவதில்லை. முந்தாநாள் காரிருளைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தி, “அவர் எங்க இருந்தா என்ன? ரெண்டு இடத்திலயும் இருக்கிறார் எண்டா அவர் என்னைத் தேடி அலையத் தேவையில்ல” என்றாள். “பயமா இருக்கா?” என்று கேட்டேன். “இல்ல” என்றாள். ஆகவே தம்பி, அவள் தைரியமாக இருக்கிறாள், நானும் தைரியமாக இருக்கிறேன். நீர் வீணாக லீவு எடுத்துக்கொண்டு வரவேண்டாம்.

உமது வீட்டின்மேல் கர்த்தரின் கிருபை தங்கியிருப்பதாக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
க. நேசராசா

பி.கு.: தம்பி, அத்தான் முத்திரை வாங்கப் போயிட்டார். பக்கத்து வீட்டு றோஸ்மேரி கடிதத்த வாசிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல இத எழுதுறதும் அவதான். பயமில்ல எண்டு நான் சொன்னது அவருக்காக. அவர் ரா முழுக்க நித்திரையில்லாம இருக்கிறார். சாப்பிடுறதும் இல்ல. அழுற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதெண்டு கிணத்தடியில போய் நிண்டு வாளிய இறக்கி ஏத்துறார். தண்ணி ஒரு நாளும் வீட்டுக்கு வாறதில்ல. நீ வா. வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ. அவர் கேட்டா, அக்காவால தனிய ஏலாதாம், அதுக்குத்தான் வந்தன் எண்டு சொல்லு.