சாலை: ஏற்கெனவே உள்ளது

தஞ்சாவூர்,
மே மாதம், ராத்திரி பதினொன்றேகால்.

அன்புள்ள ரெத்தினம் மாமாவுக்கு,

உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்சம் அத்தையிடமும் கூடாது. அத்தைக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் அம்மாவுக்குப் போன் வரும். படித்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்களும் அத்தையும் புதுக் கன்றுக்குட்டியும் சுகம்தானே? இங்கே அப்பா, அம்மா சுகம். நான் மட்டும் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கத்தாரிலிருந்து ஒரேயடியாக வந்து நாலு மாதம் ஆகிறது. நெடுமாறன் சார் கம்பெனியில் சேர்ந்து அவர் போடும் முதல் எஸ்டிமேட், உங்கள் ஊரில் வரப்போகும் தவிட்டு எண்ணெய் ஆலைதான். நூற்று நாற்பத்திரண்டு கோடி. மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் தூண் அஸ்திவாரத்திலிருந்து வாட்ச்மேன் அறை மின்விசிறி வரை நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். நாளை மாலை ஐந்து மணிக்குள் டெண்டர் போயாக வேண்டும். "இது சரியா அமையலேன்னா மறுபடி ஃப்ளைட் ஏறிடுங்க சார்" என்று நெடுமாறன் சார் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்பா சிரிக்காமல் வந்து எங்களிடம் சொன்னார். மாமா, அப்பா மறுபடி போகவே கூடாது.

லீவில் சும்மாதானே இருக்கிறாள் என்று கூட்டலைச் சரிபார்க்க என்னை உட்கார வைத்தார். இருநூற்றாறாவது வரியில் இப்படி இருந்தது: 'நூற்றுப்பத்து டன் பாய்லர் கொண்டுவரச் சாலை: ஏற்கெனவே உள்ளது. செலவு: இல்லை.' எந்தச் சாலை என்று வரைபடத்தைப் பார்த்தால், மாமா, அது உங்கள் வீட்டுக்கு எதிரே ஓடுகிற வாய்க்கால்! கோடையில் ஊரே அதில்தான் வண்டி ஓட்டுகிறது, வைக்கோல் லாரியும் அதில்தான் போகிறது, சரி. ஆனால் ஜூனில் தண்ணீர் வந்துவிடுமே, பாய்லர் வருவதோ ஆகஸ்டில். சர்வே ரிப்போர்ட்டில் 'சாலைதான் என உள்ளூர் விவசாயி ரெத்தினம் உறுதி செய்தார்' என்று போட்டு, நீங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற போட்டோவும் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் மாமா, தண்ணி வரும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. மணப்பாறைக்காரர். கல்யாணம் நடந்ததும் மே மாதம், கத்தாரிலிருந்து லீவுக்கு வந்ததெல்லாம் மே மாதம். அந்த வாய்க்காலில் தண்ணீரையே பார்த்ததில்லை. "அப்பா, அந்த ரோடு வந்து..." என்று ஆரம்பித்தேன். "ரோட்டைப் பத்தி எங்கிட்ட சொல்றியா? அந்த ரோட்டுல கார்ல போய்த்தான் உங்கம்மாவுக்குத் தாலி கட்டுனேன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, "அன்னிக்கும் அரை மணி லேட்டு. அதுதான் இவரு போட்ட மொத எஸ்டிமேட்டு" என்றாள். அப்பா முகம் சிவந்துவிட்டது. அதற்குமேல் நான் எப்படிச் சொல்வது?

அதனால் அப்பாவின் லேப்டாப்பில் நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன். 'பாலம், மாற்றுச் சாலை.' விலை தெரியவில்லை. உங்கள் ஊரில் டிராக்டர் போகிற சின்னப் பாலத்துப் பலகையில் இருபத்தெட்டு லட்சம் என்று எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. டிராக்டரைவிட பாய்லர் எப்படியும் பத்து மடங்கு கனம் இருக்கும் என்று பத்தால் பெருக்கினேன். யாருக்கும் தெரியாமல் அந்த வரியை மறைத்தும் வைத்தேன். மறைத்த வரியையும் கம்ப்யூட்டர் கூட்டும் என்று யார் கண்டது? அதன் தலையில் எதிர்பாராச் செலவு ஐந்து சதவீதம், லாபம் பத்து, வரி பதினெட்டு என்று வரிசையாக ஏறி, மொத்தத்தில் மூன்று கோடியே எண்பத்தொரு லட்சம் கூடிவிட்டது. சாயங்காலத்திலிருந்து அப்பா போனில் ஜூனியர் சதீஷ் அண்ணனை வறுத்தெடுக்கிறார். "கம்பியை ரெண்டு தரம் போட்டுட்டியாடா?" "இல்ல சார், சாமி சத்தியமா ஒரு தரம்தான் சார்!" இப்போது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கூடத்தில் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறார். "கண்டுபிடிக்க முடியலேன்னா பைல் நீளத்துல கை வைக்க வேண்டியதுதான்" என்கிறார். உங்கள் ஊர்க் களிமண்ணில் நின்றாலே என் செருப்பு உள்ளே போய்விடும், பாய்லர் என்ன ஆகும்?

ஒரே ஒரு உதவி. உரக்கடை லியாகத் அலி அண்ணன் காலையில் வலங்கைமான் வழியாக உங்கள் ஊருக்கு மூட்டை ஏற்றிப் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டு, கன்றுக்குட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எதார்த்தமாக "வாய்க்கால்ல தண்ணி வர்ற நேரமாச்சு மாப்ள" என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வரக் கூடாது.

அத்தைக்கு என் அன்பு. கன்றுக்குட்டிக்கு ஒரு முத்தம். உங்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் பூவிழி

பின்குறிப்பு: போன் போட வேண்டாம் மாமா. பயம் தாங்கவில்லை. லேப்டாப் என் மேசையில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் எழுந்து அந்த வரியை அழித்துவிட்டு வந்தேன். மொத்தம் பழையபடி ஆகிவிட்டது, சதீஷ் அண்ணன் தப்பித்தார். மேலே எழுதியது எதுவும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆகஸ்டில் அந்தப் பாய்லர்

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். வெளியில் நின்றபடியே கேட்கிறார்: "பூவிழி, முழிச்சிருக்கியாம்மா? இந்தப் போட்டோவுல உன் மாமன் படிக்கட்டுல உக்காந்து சிரிக்கிறான். எண்ணிப் பாத்தேன். ரோட்டுல எறங்குறதுக்கு எதுக்கும்மா பன்னெண்டு படி?"

மாமா, இப்போது நான்