என் கசத்துக்குப் போன அழைப்பிதழ்கள்

டொக்டருக்குப் படிப்பவனுக்கு நோய் வருத்தம் வரக் கூடாது. வந்தாலும் கால் முறிவது போல ஏதாவது கௌரவமான வருத்தமாக வர வேண்டும். எனக்கு வந்தது காசநோய். எங்கள் ஆட்கள் அதைக் கசம் என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நான்காம் வருடம். மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தேன். அப்டன் பார்க்கில் எங்கள் வீட்டு ஹீட்டரின் தூசிதான் காரணம் என்று நானே கண்டுபிடித்திருந்தேன். (இரண்டாவது அபிப்பிராயமும் என்னிடமே கேட்டேன். ஒத்துப்போனது.) கடைசியில் என் இருமல் தாங்காத வகுப்புத் தோழன் ஒருவன் எக்ஸ்ரே எடுக்க இழுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை நெஞ்சு நோய் வகுப்பு. பேராசிரியர் மேசையில் கிடந்த படங்களில் ஒன்றை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகி, யார் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். வலது நுரையீரலின் மேலே ஒரு குழி, சந்தேகமே இல்லை, காசநோய். ஆள் அநேகமாக வீடு வாசல் இல்லாதவர், குடிப்பழக்கம் இருக்கலாம், இவ்வளவு காலம் டொக்டரிடம் போகாததைப் பார்த்தால் அறிவும் கொஞ்சம் மட்டு என்று விளக்கினேன். பிரமாதம் என்றார் பேராசிரியர். பிறகு படத்தின் மூலையில் இருந்த நீண்ட பெயரை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டார். மீதியை நான்தான் வாசித்துக் கொடுத்தேன். எனக்குப் பழக்கமான பெயர்.

டீன் கூப்பிட்டார். "இரண்டு கிழமை மருந்து எடுத்தால் மற்றவர்களுக்குத் தொற்றாது. ஆனால் ஆறு மாதம் மருந்து. நீ என் அறைக்கு ஒரு மாடி ஏறி வந்துவிட்டு இன்னும் மூச்சு வாங்குகிறாய். மருத்துவ லீவு எடு, அடுத்த வருடம் வந்து சேர். மாட்டேன் என்றால் உன் இஷ்டம். மாத முடிவுக்குள் சொல்." படிவம் ஒன்றும் தந்தார்.

அன்று பின்னேரம் குடும்பம் கூடியது. அப்பா, அம்மா, அக்கா, மூலையில் கைக்குட்டையோடு நான்.

"லீவெண்டா ஏனெண்டு கேப்பினம்," என்றார் அம்மா.

"ஒண்டும் சொல்லாமல் வீட்டிலை நிண்டா, சோதினை பெயிலாக்கும் எண்டு நினைப்பினம்," என்றார் அப்பா.

அம்மா திடுக்கிட்டார். "ஐயோ, அதைவிடக் கசமெண்டே சொல்லலாம்!"

ஆனால் அதையும் சொல்ல முடியாது. மூன்று கிழமைக்கு முன்புதான் குட்மேய்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் முன் அறையில் பன்னிரண்டு பேர், ஜன்னலெல்லாம் பூட்டி, நாலரை மணித்தியாலம். தேநீர் கொடுத்தவன் நான். மாப்பிள்ளை எஞ்சினியர், நல்ல இடம், இன்னும் பதில் வரவில்லை.

ஆகவே நான் வீரனைப் போல எழுந்து நின்று, "லீவு வேண்டாம். படிக்கப்போறன்," என்று அறிவித்தேன். அக்காவுக்காக என்று எல்லோரும் உருகினார்கள். (உண்மையில், கல்லூரிக்கு எடுபட்ட நாளிலிருந்து சொந்தக்காரர் எல்லாம் என்னை "டொக்டர்" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஒரு வருடம் பிந்துவதை விட நுரையீரல் போவது மேல் என்று எனக்குப் பட்டது. இவன்தான் எதிர்கால வைத்தியன்.) ரகசியத்தைக் காப்பது, வகுப்புக்குப் போவது என்று முடிவானது.

இரண்டு நாள் கழித்து நெஞ்சு நோய் கிளினிக்கின் ஐரிஷ்கார நேர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தா. என்னோடு ஒரே அறையில் நெடுநேரம் இருந்தவர்களின் பெயர், விலாசம் வேண்டும் என்றா. படிவத்தில் பத்துக் கோடுகள். அம்மா முதலில் படிவத்தைத் தள்ளி வைத்தார். "பேர் குடுத்தால் ஆளாளுக்குக் கடிதம் போகும். சனிக்கிழமை கூப்பிட்டுச் சோதிப்பினம்," என்று அப்பா விளக்கியதும் அம்மாவின் முகம் மாறியது. வீட்டின் பெயரில் ஆளாளுக்குக் கடிதம் போகப் போகிறது. அந்த நிமிடமே அது வருத்தமாக இல்லாமல் விசேஷமாகிவிட்டது. உள்ளே போய், நாங்கள் வீடு குடிபுகுந்தபோது ஆட்களை அழைக்க எழுதிய கொப்பியோடு வந்தார். அவர் சொல்லச் சொல்ல அப்பா நேர்ஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"வெம்பிளிப் பெரியம்மாவைப் போடுங்கோ."

"பெரியம்மா ஒரு வருசமா இஞ்சை வரேல்லை, அம்மா," என்றேன்.

"கடிதம் போகாட்டி இனி வரவே மாட்டா."

"கனகசபையின்ரை ஆக்கள்?" என்றார் அப்பா.

"அவை மகளின்ரை கலியாணத்துக்கு எங்களுக்குச் சொன்னவையே? வெட்டுங்கோ."

"அம்மா, இது கசம்..."

"நீ சும்மா இரு. உனக்கு உலகம் தெரியாது."

பட்டியல் ஏழாம் தாளுக்குப் போனது. இத்தனை பேரும் நெருக்கமானவர்களா என்று நேர்ஸ் கேட்டா. "ஆல் க்ளோஸ்," என்றார் அம்மா. எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் போவதில்லை, குறைந்தது நாலு மணித்தியாலம் என்று அம்மா மானத்தோடு பதில் சொன்னார். நேர்ஸ் பெருமூச்சு விட்டு எழுதினா.

அந்த அறுபத்தி நாலு பேரில் குட்மேய்ஸ் ஆட்கள் மட்டும் இல்லை. என் முன்னால் உண்மையாகவே நாலரை மணித்தியாலம் மூச்சு விட்டவர்கள் அவர்கள்தான். அது எனக்கும் தெரியும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்த அக்கா சொன்னா: "அவையின்ரை பேரையும் எழுதச் சொல்லுங்கோ."

"எழுதினா உன்ரை கலியாணம் குழம்பும், பிள்ளை."

"எழுதாமல் விட்டு, அதுகளுக்கு ஏதும் வந்தால்? பிறகு நான் அந்த வீட்டிலை எப்பிடி இருக்கிறது?"

கடைசியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிறதெண்டால் முதலாவதா எழுதுங்கோ. சம்மந்தி வீட்டைக் கடைசியிலை போடக் கூடாது," என்றார். நேர்ஸ் மேல் ஓரத்தில் இடம் கண்டுபிடித்து எழுதினா.

இரண்டு கிழமை மருந்து முடிந்த சனிக்கிழமை கிளினிக்கில் நான் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அம்மாமார் பட்டுச் சேலையில். வெம்பிளிப் பெரியம்மா எழுபது ரோல்ஸ் சுட்டு வந்திருந்தா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகத் தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். இடது கையில் ஆறு சின்ன ஊசிகள் ஒன்றாகக் குத்தும் சோதனை. குத்து வாங்கியவர்கள் கையை நீட்டி யாருடையது கூடச் சிவக்கிறது என்று ஒப்பிட்டார்கள். பத்தரை மணிக்கு கனகசபை அங்கிள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"எங்கடை கடிதம் தபாலிலை தவறிப்போச்சுப் போல," என்று அம்மாவைப் பார்த்தபடியே கைச்சட்டையைச் சுருட்டினார். நேர்ஸ் ஒன்றும் கேட்காமல் குத்தினா.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி தந்தது நீர்தானே?"

"ஓம், அன்ரி."

"எங்கடை பேரைச் சொன்னது உம்முடைய அக்காவாம், அம்மா சொன்னா. மெய்யே?"

"ஓம், அன்ரி. நானில்லை."

"அது தெரியுது." என்னை மேலும் கீழும் பார்த்தார். "எலும்பும் தோலுமாக் கிடக்கிறீர். படிப்புக்கு லீவு போட்டிட்டீரோ?"

"இல்லை, அன்ரி. போடேல்லை."

"ஏன்?"

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாதெண்டு."

அவர் மெல்லத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். எண்பது பேரளவில் இடது கைச்சட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆருக்கு?" என்றார்.

வீட்டுக்குப் போய் டீன் தந்த லீவுப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஒருவருக்கும் நோய் இல்லை. குட்மேய்ஸிலிருந்து பதில் அடுத்த கிழமையே வந்தது. "ஒளிக்கத் தெரியாத பிள்ளை, எங்களுக்கு அது காணும். சம்மதம்," என்று தொலைபேசியில் சொன்னார்களாம். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்கச் சாப்பிட்டேன், படுத்தேன், சுகமானேன். வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வருடம் பிந்தி டொக்டரானேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றி இன்றுவரை ஒரு நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் எந்தக் கலியாண வீட்டிலும் நான் தொண்டையைச் செருமினால் போதும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், ஒரு வார்த்தை பேசாமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல், இடது கைச்சட்டையைச் சுருட்டி நீட்டுகிறார்கள். என் மகள் பன்னிரண்டு வயதுவரை அதை எங்கள் சமயச் சடங்கு என்றே நம்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அது பற்றிக் கட்டுரையும் எழுதினாள். நல்ல மார்க்ஸ்.