உன் நாத்தனாரின் நாற்காலி

அன்புத் தங்கைக்கு,

உன் நாத்தனாரைக் கட்டியதால் உனக்கு அண்ணன் முறையாகிற நான் எங்கள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். என் வலது கை மட்டும் தோளுக்குக் கீழே வேறு யாருடையதோ போல இருக்கிறது. அங்கே நீயும் மைத்துனரும், மகனும் மருமகளும், முக்கியமாக ஒரு வயது முடியப்போகிற பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்கிற மாதிரிப் பேச வேண்டும் என்பது நம் இரண்டு வீட்டிலும் சட்டம். நம் திட்டத்துக்கு அது ஆகாது.

நீ பழைய போர்வையில் சுற்றி அனுப்பிய குழந்தை நாற்காலி மூன்று வாரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் முதல் நிறுத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, சின்ன வயதில் தாங்கள் உட்கார்ந்த மர நாற்காலி சிவப்பு என்று உன் நாத்தனார் சொன்னாள். நீலம் என்றார் உன் வீட்டுக்காரர். உனக்கு என்றைக்குத்தான் எது ஞாபகம் இருந்திருக்கிறது என்று அவர் கேட்க, அண்ணனுக்குத் தான் சொன்னதுதான் வேதம் என்று இவள் சொல்ல, வரிசை நகர்ந்தபோது ஒருவர் முதல் மேஜைக்கும் ஒருவர் கடைசி மேஜைக்கும் போனார்கள். அதோடு பேச்சு நின்றது. உன் பேத்தியை இவள் இன்னும் நேரில் பார்க்கவில்லை. நீ அனுப்பும் போட்டோக்களை, அலமாரிக் கதவைத் திறந்து அதன் மறைவில் நின்றுகொண்டு, விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறாள். நான் வந்தால் துணி அடுக்குகிறாள். அதனால்தான், உங்கள் பரண்மேல் கிடக்கும் நாற்காலியை அனுப்பு, பேத்தியின் பிறந்த நாளுக்குப் புதுசாக்கித் தருகிறேன், அந்தச் சாக்கில் இவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று உனக்கு எழுதினேன். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

போர்வையைப் பிரித்ததும் உன் நாத்தனார் நாற்காலியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஸ்டோர் ரூம்ல போடுங்க" என்றாள். மறுநாள் நான் அதைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, தனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று தெரியாமல் எழுந்திருப்பதாக இல்லை. மேலே இருந்தது வெள்ளை. தகட்டால் சுரண்ட ஆரம்பித்தேன். வெள்ளை எனாமல் தோல் தோலாக உரிந்தது, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு நர்ஸ். கையில் ஈரமான யூனிபார்ம், அதன்மேல் நான் உரித்ததெல்லாம். அது வெள்ளை யூனிபார்மாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது, அந்தம்மாவின் ஆஸ்பத்திரியில் கருநீலம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் உன் நாத்தனார் அவளை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, அண்ணன் தங்கை வழக்கை ஆதியோடந்தமாகச் சொல்லி, நீங்களே சொல்லுங்கள், பெண் பிள்ளைக்கு ஞாபகம் இருக்குமா ஆண் பிள்ளைக்கு இருக்குமா என்று கேட்டாள். நர்ஸுக்கு அங்கே டியூட்டி இல்லாத நேரம். அன்றிலிருந்து அவளுக்கும் எங்கள் பால்கனியில் ஒரு ஸ்டூல்.

வெள்ளைக்கு அடியில் சந்தன நிறம். அதற்கும் அடியில் ஒரு காபிக்கொட்டை நிறம், அது தகட்டுக்கு மசியவில்லை. பெயின்ட் கடைக்காரர் ஒரு திரவம் கொடுத்து, பூசிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள், வெண்ணெய் மாதிரி வழித்துவிடலாம் என்றார். அதை நான் ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினேன். ஊற்றக் கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்ததாம், அந்த எழுத்தைப் படிக்கிற கண்ணாடி உள்ளே இருந்தது. நாற்காலிக்கு எதுவும் ஆகவில்லை, கப் மட்டும் மெதுவாக உட்கார்ந்து, சாய்ந்து, தரையோடு ஐக்கியமாகிவிட்டது. தரையில் இப்போது வட்டமாக ஓர் இடம் பளிச்சென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் இவ்வளவு அழுக்கா என்று அதைப் பார்த்துத்தான் தெரிகிறது. அடுத்த நாள் கண்ணாடியும், முகத்துக்குத் துணியும், கையில் உறையும் மாட்டிக்கொண்டு, கப் என்ற பேச்சே இல்லாமல் டப்பாவிலிருந்தே பிரஷ்ஷால் எடுத்துப் பூசினேன். கடைக்காரர் சொன்னபடியே வழித்தெடுக்க முடிந்தது.

இதற்கிடையில் நாற்காலி ஆடுகிறது என்று கண்டுபிடித்தோம். ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தேன், அடுத்த கால் ஆடியது. அதற்கு வைத்தேன், முதல் கால் ஆடியது. இரண்டு நாள் இப்படிப் போனபிறகு தெருமுனைத் தச்சரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் பலகைமேல் அதை வைத்து, நாலு மூலையையும் அழுத்திப் பார்த்து, "நாற்காலி சரியாத்தான் இருக்கு சார். உங்க வீட்டுத் தரையைப் பாருங்க" என்றார். தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இருபது வருடமாக எங்கள் வீட்டில் பந்து ஏன் தானாக உருளுகிறது என்பதும் அன்றுதான் விளங்கியது.

ஒன்றை நான் மறைத்தால் நர்ஸ் உனக்குச் சொல்லிவிடுவாள், நானே சொல்கிறேன். தச்சரிடமிருந்து வந்தபின், கனம் தாங்குமா என்று பார்ப்பதற்காக, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தேன். தாங்கியது. எழுந்தபோது நாற்காலியும் எழுந்தது. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் நான் ஆப்பு அடித்தமாதிரி மாட்டிக்கொண்டிருந்தேன். குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன், கதவு நிலையில் கால்களை முட்டுக்கொடுத்து இழுத்துப் பார்த்தேன், கடைசியில் வேறு வழியில்லாமல் பின்பக்கம் நாலு கால் நீட்டிக்கொண்டு படியிறங்கி நர்ஸ் வீட்டு மணியை அடித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தவள். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள், சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள், ஒரே இழுப்பு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் ரொம்ப நேரம் சிரித்தாள், மாடிவரை கேட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படி. போன செவ்வாய்க்கிழமை இடது கைப்பிடியில் காபிக்கொட்டை நிறம் விலகி, அடியில் சிவப்பு தெரிந்தது. மங்கலாக இல்லை, நல்ல மிளகாய்ப் பழச் சிவப்பு. உன் நாத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள். பதினான்கு மாதமாக வாசலில் வைத்திருந்த வெற்றி வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல முகம். போட்டோ எடுங்க, அண்ணனுக்கு அனுப்புங்க என்றாள். எனக்குத் தொழில் புத்தி விடவில்லை, ஒரு டிக்கெட்டைப் பார்த்து பஸ் முழுவதும் நேர்மையானவர்கள் என்று எழுதக் கூடாது, வலது பக்கமும் பார்த்துவிடலாம் என்று சுரண்டினேன். வலது கைப்பிடி நீலம். வலது கால்கள் நீலம். இடது கால்கள் சிவப்பு. நர்ஸ் எழுந்து கீழே போய்விட்டாள். குனிந்து பார்த்தால், சிவப்புக் கால்களில் கடைசலில் இரண்டு வளையம், நீலக் கால்களில் ஒரே வளையம். இரண்டு வெவ்வேறு நாற்காலிகளை அறுத்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

உன் நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீலக் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் தடவினாள். "ரெண்டு இருந்துச்சுங்க. எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு" என்றாள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. இரண்டும் உடைந்துபோனது, அப்பா ஒரு விடுமுறை நாளில் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்து அறுத்தது, அண்ணன் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது, தனக்கு மரத்தூள் கண்ணில் விழுந்து அண்ணன் ஊதிவிட்டது, எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், "அண்ணனும் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னால பேசிட்டேன்" என்று சொல்லி அழுதாள். தங்கச்சி, எனக்குத் திருமணமாகி முப்பத்தாறு வருடம். தான் பேசியது தப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

உடனே முடிவெடுத்தேன். இடது பாதி சிவப்பு, வலது பாதி நீலம். கடைக்காரரிடம் குழந்தைக்கு ஆகிற பெயின்டாகக் கேட்டேன், "குழந்தை கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். குழந்தைக்கா பெயின்டுக்கா என்று கேட்டு வாங்கினேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, நடுவில் டேப் ஒட்டி, இரண்டு பூச்சு முடித்தேன். காய்ந்துவிட்டதா என்று உன் நாத்தனார் அரை மணிக்கு ஒருமுறை கட்டைவிரலை வைத்துப் பார்த்ததால் மூன்றாவது பூச்சும் வேண்டியிருந்தது. இப்போது சொன்னால் நம்ப மாட்டாய், கடையில் வைத்தால் கேட்டு வாங்குவார்கள், அப்படி இருக்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிறந்த நாளன்று காலை பத்து மணிக்கு நாங்கள் நாற்காலியோடு வருவோம். கதவை மைத்துனர் திறக்க வேண்டும். நீ அடுப்பில் கை வேலையாக இரு, மகனைக் குளிக்க அனுப்பிவிடு. அவருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாதே. நாற்காலியைப் பார்த்தவுடன் அவருக்கே எல்லாம் புரிந்துவிடும்.

பேத்தி நூறு வயசு நல்லபடி இருக்கட்டும். மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசி. மைத்துனருக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே, சொன்னால் ஏன் என்று கேட்பார்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஸ்டாம்ப் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. உன் வீட்டுக்காரர். உன்னிடம் பாங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையே உன் நாத்தனார் ஸ்பீக்கரில் போடாமல் போன் செய்துவிட்டாளாம். இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை. வந்தவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது நம்மளது இல்லையே. நம்மளதுக்குக் கைப்பிடியே கிடையாது" என்றார். அவர்களுடையது வீடு மாறும்போதே போய்விட்டதாம். இது உன் கல்யாணத்துக்கு அப்புறம் உன் பிறந்த வீட்டிலிருந்து வந்து, உங்கள் பரணில் ஏறியதாம், உனக்கே மறந்துபோயிருக்கும். உன் நாத்தனார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஆமாம், கைப்பிடி கிடையாது என்றாள். ரம்பம், மரத்தூள் எல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. இப்போது அவர்கள் நாற்காலி பச்சை என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து நர்ஸை நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம், கதவை யார் வேண்டுமானாலும் திறக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும். இது உன் வீட்டு நாற்காலி என்றால், சின்ன வயதில் அதில் உட்கார்ந்தவர்கள் நீயும் உன் கூடப்பிறந்த அண்ணனும்தான். அவரிடம் மட்டும் அது என்ன நிறம் என்று கேட்டுவிடாதே.