பிள்ளையார் சுழியைப் பெயிலாக்கியவர்

ஸ்டாண்டர்ட் அண்ணையைப் போல ஒரு விடாக்கண்டனைக் கொழும்புக் காலி வீதி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்; வெள்ளவத்தையில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் பரிசோதகர். தேநீருக்கு வடை வந்தால்கூட இரண்டைப் பக்கத்தில் வைத்து, ஓட்டை ஒரே அளவா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார்.

வெளிநாட்டு உறவினர்கள் இங்கே நடக்கும் கலியாணங்களை நேரலையில் பார்க்க ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். அதில் ஒட்டப்படும் இணைய முகவரியைப் பிரித்துப் படிக்கும் பகுதி என்னுடையது. எந்த முகவரி திறக்க வேண்டும், எது திறக்கக்கூடாது என்று உலகத்துக்கே பொதுவான விதிகள் இருக்கின்றன. அந்த ‘ஸ்டாண்டர்ட்’தான் அண்ணைக்கு வேதம்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

என் கலியாணமும் நெருங்கியது. என்னை வளர்த்த பெரியம்மா காலில் ஒப்பரேசன் செய்துகொண்டு ரொறன்ரோவில் இருந்தார். நேரலையை விட்டால் அவருக்கு வழியில்லை. முகவரியை அவருக்கு அனுப்பவேண்டிய அப்பாவோ மேலே “உ” போடாமல் எந்தச் செய்தியும் அனுப்பமாட்டார். பெரியம்மா செய்தியை அப்படியே ஒட்டினால் சுழியும் முகவரியோடு சேர்ந்துவிடும். ஆகவே, முன்னால் “உ” வந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு முகவரியைத் திறக்கும்படி சத்தமில்லாமல் ஒரு வரி எழுதிவைத்தேன்.

மறுநாளே அண்ணை வந்து நின்றார். “தங்கச்சி, முன்னால ‘உ’ போட்டாலும் இது திறக்குது.”

“திறந்தா நல்லதுதானே அண்ணை?”

“திறக்கக்கூடாது! மற்ற எல்லா பிரவுசரிலயும் இது பெயில். உங்கட வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டமோ?”

“பிள்ளையார் அண்ணை!”

“எங்கட ஆக்கள் சிலுவை போட்டு அனுப்பினாலும் பெயில்தான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை எடுத்தேன். அவருக்கு அழைப்பிதழ் கொடுக்கவே மனம் வரவில்லை, கொடுத்தேன். “உ” வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சியும் பார்த்தேன்.

“சுழி போடாமல் கலியாணச் செய்தியோ? விசர்க்கதை கதையாதை,” என்றார்.

மணவறையில் இருந்தபோது அம்மா காதுக்குள் சொன்னார்: “பெரியம்மாவுக்குத் திறக்குதில்லையாம்.” மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது மேளத்துக்கு மேலால் ஒரு குரல். மணவறைக்கு முன்னால் அண்ணை, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பாவின் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“ஐயோ, பிள்ளையாரை அழிக்கவேண்டாம் அம்மா! அவர் மேல இருக்கட்டும். கீழ இருக்கிற லிங்கை மட்டும் கொப்பி பண்ணுங்கோ… ஐயர், கொஞ்சம் பொறுங்கோ!”

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் சொன்னதற்காக எங்கள் ஐயர் சுபமுகூர்த்தத்தை நிறுத்திவைத்தார். விதி என்றால் உயிரை விடுகிற அண்ணை அன்றைக்கு முகூர்த்த விதியை மட்டும் சட்டைசெய்யவில்லை.

“தெரியுதாம்! அழுறா! கட்டுங்கோ!”

என் தாலிகட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே அவருடைய முதுகுதான். அவற்றில் முதுகு நன்றாகத் தெரிகிற ஒன்றைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன்.