அளவு ஜாக்கெட் அனுப்பிய கதை

2024 ஜூன் 12, புதன்கிழமை. விடியும் முன் எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் நிரப்பினேன். முகச்சவரம் செய்து, குளித்து, முந்தின நாள் நாட்குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியை எழுதி முடித்தேன். மனைவி லதா இட்லி வைத்தாள், சாப்பிட்டேன். பிறகு போளூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூரியர் அலுவலகத்தின் முன் போய் நின்றேன். ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. அன்று மாலை மலைமேல் என் அக்கா மகள் நிவேதாவுக்கு நிச்சயதார்த்தம். அவள் போட்டுக்கொள்ள வேண்டிய ஜாக்கெட் அந்த ஷட்டருக்குப் பின்னால் இருந்தது, அல்லது இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிடுவான். அந்த ஒன்று அவனை நடுச்சபையில் நிறுத்தும். என் தொழில் நில அளவை. வரப்புச் சண்டையில் அண்ணனும் தம்பியும் கடப்பாறையோடு நிற்கும் இடத்தில் நான் போய் அளந்து கல்லை நட்டால் பேச்சு அடங்கும். அதனால் அளவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. (கொஞ்சம் என்பது என் கணக்கு. லதாவின் கணக்கு வேறு.)

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று பெண் முதலில் தாய்மாமன் எடுத்துக் கொடுத்த துணியில்தான் சபைக்கு வருவாள். மாமன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய், மாப்பிள்ளை வீட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வருவாள். மாமன் துணி சபையில் நிற்பது என்னவோ கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் ஐம்பது வருடத்துக்குப் பேசப்படும். மாப்பிள்ளை தினேஷின் அம்மா கலசப்பாக்கத்துக்காரர். எல்லாத் துணியையும் தாங்களே காஞ்சிபுரத்தில் எடுத்துவிடுகிறோம் என்றார். நான்தான் மார்பை நிமிர்த்தி, அது மாமன் உரிமை, விட்டுக்கொடுக்க முடியாது என்றேன்.

புடவையை ஆரணியில் எடுத்தாயிற்று. ஜாக்கெட்டை நிவேதா போனில் தேர்ந்தெடுத்தாள். திருச்சிப் பக்கம் ஒரு பெண்மணி வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்து ஆன்லைனில் விற்கிறார். கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து, எல்லாம் கையாலேயே. முதுகில் ஒரு மரம், அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் கிளிகள், வலது கையில் நிவேதா, இடது கையில் தினேஷ் என்று தமிழில் பெயர். கூடவே பட்டு நூல் வளையல். அந்த அம்மா அனுப்பிய வரைபடத்தை நிவேதா ஸ்டேட்டஸில் போட்டாள். கலசப்பாக்கமே பார்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, கிளிகளைப் பார்க்கத்தான் மலை ஏறி வருகிறேன் என்று போனில் சொன்னாராம்.

அளவு ஜாக்கெட் ஒன்றைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். நிவேதா தன்னுடையதைக் கவரில் போட்டாள். என் அக்கா வசந்தா கவரை ஒட்டித் தந்தாள். நான் முகவரியை அச்செழுத்தில் எழுதி, பின்கோடை மூன்று முறை சரிபார்த்து அனுப்பினேன்.

ஷட்டர் திறந்தது. பார்சல் இருந்தது. அங்கேயே பிரிக்கலாம் என்றாள் லதா. சீர்ப்பொருளை மங்கலமாக அக்கா வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று நான் மறுத்தேன். பஸ் மலையேறிய வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் லதா பக்கத்துக் கம்பியைப் பிடித்தாள், நான் பார்சலைப் பிடித்தேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி, அக்காவின் ஊருக்கு ஷேர் ஆட்டோ.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் நிவேதா, அக்கா, லதா. நான் கதவுக்கு வெளியே. காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. "ஐயோ, எவ்ளோ அழகு" என்ற நிவேதாவின் குரல் கேட்டது. நாட்குறிப்பில் இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். 

கதவு திறந்தது. நிவேதா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். போட்டுக்கொண்டு என்பது சரியான சொல் அல்ல. ஜாக்கெட் ஓர் இடத்தில் இருந்தது, அதற்குள் எங்கோ நிவேதா இருந்தாள். கழுத்து ஒரு தோளில் நின்றால் இன்னொரு தோளில் இறங்கியது. அவள் பெயர் முழங்கைக்குக் கீழே போயிருந்தது.

"மாமா, இன்னா மாமா இது?" என்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். ஆரி அம்மா போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, நீங்க பொண்ணுக்குத் தச்சீங்களா, பந்தலுக்குத் தச்சீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "சார், நமக்குள்ள பேசின மெசேஜை மேல தள்ளிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தள்ளிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முன் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதன் கீழே, 'சார், நீங்க அனுப்பின அளவு ஜாக்கெட் இது. பொண்ணு போட்டோல ஒல்லியா தெரியறாங்க. இதே அளவு வச்சிடலாமா?' அதற்கு என் பதில்: 'அளவில் சந்தேகம் வேண்டாம். அனுப்பியபடியே தைக்கவும். நான் நில அளவர்.'

அன்று ஏதோ ஒரு காட்டில் சிக்னல் அரைகுறையாக வந்த இடத்தில், படத்தைத் திறக்காமலே பதில் போட்டிருக்கிறேன். இப்போது திறந்தேன். மேசைமேல் விரித்து, பக்கத்தில் டேப் வைத்து எடுத்த ஒரு மெரூன் ஜாக்கெட். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

கீழே வந்து படத்தைக் காட்டினேன். லதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது என்னுதுங்க. பொங்கலுக்கு வந்தப்போ இங்க காயப் போட்டு மறந்துட்டுப் போனேன்ல."

(லதா ஏறக்குறைய இரண்டு நிவேதா. இதை எழுதிவிட்டு அவளிடம் காட்டினேன். 'ஒன்றரை' என்று திருத்தச் சொன்னாள்.)

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா ஏற்கெனவே மடித்த ஒரு துண்டை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னியே பாக்கறீங்க? கல்யாணம் ஆவப்போற பொண்ணு போட்ட துணிய மொகந்தெரியாதவங்க கையில குடுத்தா, எவளாவது செய்வினை கிய்வினை வச்சா இன்னா பண்றது? அதான் கவரை ஒட்றப்போ எடுத்துட்டு, கொடியில இருந்தத வச்சேன்."

"உன் ஜாக்கெட்ட வைக்கலாம்ல?" என்றேன்.

"நான் பொண்ணப் பெத்தவ. எனக்கு ஒன்னு ஆனா அவளுக்கு ஆவாதா?"

லதா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப எனக்குச் செய்வினை வச்சா பரவால்லியா, அண்ணி?"

"ஒனக்கு எவடி வைக்கப் போறா?" என்றாள் அக்கா. அவள் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று இன்றுவரை சாதிக்கிறாள். "அதுவும் இல்லாம, பெருசா இருந்தா புடிச்சிக்கலாம். சின்னதா இருந்தா இன்னா பண்ணுவ?"

மாப்பிள்ளை வீட்டு வேன் மலையடிவாரம் தாண்டிவிட்டது என்று அந்த நேரத்தில்தான் தொட்டி மேட்டிலிருந்து செய்தி வந்தது.

வேறு ஜாக்கெட் போடலாம் என்றேன். நிவேதா என்னைப் பார்த்தாள். "அவங்க வூட்ல எல்லாரும் கிளியப் பாக்க வர்றாங்க மாமா. கிளி இல்லாம நான் வெளிய வரமாட்டேன்." அக்கா வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கடைவீதித் தையல்காரரிடம் பறந்தேன். பக்கவாட்டில் தையல் போடப் பார்த்தார். மணியில் பட்டு ஊசி உடைந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் உடைந்தது. கத்திரி வைத்தால் மரம் பாதியாகிவிடும் என்று சொல்லி, இரண்டு கைகளாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது ஊக்குதான். ஊக்கு வேண்டும் என்று லதா ஒரு குரல் கொடுத்தாள். சமையலில் இருந்தவர்கள், கோலம் போட்டவர்கள், பூத் தொடுத்தவர்கள் எல்லோருடைய தாலிச் சரடிலிருந்தும் வளையலிலிருந்தும் ஊக்குகள் வந்து குவிந்தன. லதா கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது நிவேதாவுக்கு ஜாக்கெட் சரியாக இருந்தது. முதுகுக்கு நடுவே பிடித்த மடிப்புக்குள் மரத்தின் அடிமரம் முழுவதும் போய்விட்டிருந்தது. கிளிகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன.

"கையத் தூக்காத. மூச்ச ஆழமா இழுக்காத. குனியாத" என்றாள் லதா.

குனியாதே என்றதும்தான் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பெண் என் காலில் விழ வேண்டும்.

வேன் வந்தது. மேளம் முழங்கியது. பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றினார்கள். பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள். நிவேதா பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவள் மாதிரி அசையாமல் வந்தாள். அடக்கமான பெண் என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நேராக அவள் முதுகுப் பக்கம் போனார். நான் லதாவைப் பார்த்தேன்.

"படத்துல ரெண்டு கிளியும் தள்ளித் தள்ளி இருந்துச்சே. இப்ப ஒட்டிக்கினு இருக்குது?"

"கைவேலை இல்லீங்களா" என்றாள் லதா. "நாளாக நாளாகக் கிட்ட வரும்."

அந்த அம்மா அதை ஏற்றுக்கொண்டார். மெய்சிலிர்த்தும் போனார். பிறகு, நான் எதற்குப் பயந்தேனோ அதையே சொன்னார். "மாமன் கால்ல விழுந்து கும்பிடும்மா."

நான் இரண்டு அடி பின்னால் போனேன். "வேணாங்க, வேணாங்க. நின்னுக்கினே கும்பிடட்டும். எனக்கு இன்னா அவ்ளோ வயசா ஆயிடுச்சு?" சபை சிரித்தது. என் தலை நரைத்துப் பல வருடமாயிற்று. நான் தன்னடக்கம் காட்டுகிறேன் என்று நினைத்து, இரண்டு பேர் என்னைப் பிடித்து நிறுத்தி, லதாவையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். சபைக்கெல்லாம் அட்சதை கொடுத்து முடித்து, தட்டு என் கைக்கு வந்தது. நிவேதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மெல்ல, மிக மெல்ல, குனிந்தாள்.

முதல் ஊக்கு விலகும் சத்தம் எனக்குக் கேட்டது. (ஊக்குக்குச் சத்தம் கிடையாது என்கிறாள் லதா. எனக்குக் கேட்டது.) அடுத்தது விலகியதை நிவேதாவின் 'ஸ்' சொன்னது, எங்கோ குத்தியிருக்கிறது. வலது தோள் சரியத் தொடங்கியது. கிளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன.

நான் செய்ய வேண்டியது என்ன என்று இன்று நிதானமாகப் பட்டியலிட முடியும். அன்று நான் செய்தது, விரலை உயர்த்தி மேளக்காரர்களைப் பார்த்து ஆட்டியது. அவர்கள் பதறிப்போய்க் கெட்டிமேளம் வாசித்தார்கள். தாலியே இல்லாத சபையில் கெட்டிமேளம் கேட்டதும் யோசிக்காமல் எல்லோரும் அட்சதையை வீசினார்கள். அந்த மழைக்கு நடுவில் லதா பாய்ந்து நிவேதாவைத் தூக்கி மார்போடு கட்டிக்கொண்டாள். ஒரு கை முதுகு மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது, தன் முந்தானை அவள் தோள்மேல். நிவேதா அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள்.

சபை அடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்தார். போட்டோக்காரர், "அத்தை அப்டியே இருங்க, விடாதீங்க" என்றார். விடும் எண்ணமே லதாவுக்கு இல்லை. கட்டிப்பிடித்த நிலையிலேயே இருவரும் பக்கவாட்டில் நடந்து அறைக்குள் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அழுதுகொண்டே பின்னால் போனார், தானும் கட்டிக்கொள்ள. நான் குறுக்கே நின்று, அவர் கொண்டுவந்த புடவைத் தட்டையே எடுத்து அவர் கையில் கொடுத்து, "நல்ல நேரம் முடியப்போவுது, இத உள்ள குடுத்துடறோம்" என்று சொல்லி, மறுநொடியே அவர் கையிலிருந்து வாங்கிக் கதவிடுக்கில் தள்ளினேன். அந்தப் புடவைக்கு அவர்கள் தைத்திருந்த ஜாக்கெட் நிவேதாவுக்குக் கச்சிதமாக இருந்தது.

"இந்தக் காலத்துல மாமன் பொண்டாட்டி இவ்ளோ பாசமா இருந்து நான் பாத்ததில்ல" என்று அவர் வேன் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்த கையோடு நிவேதாவே மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் உளறிவிட்டாள். அதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது யாரையாவது கொஞ்சம் கூடுதல் நேரம் கட்டிப்பிடித்தால், "எத்தனை ஊக்கு போச்சு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் வேலைக்காக ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு தினேஷ் கண் கலங்கினான். அந்த அம்மாவே கேட்டாராம்.

நிச்சயத்தன்று இரவு அக்கா வீட்டிலேயே தங்கினோம். காலையில் கண் விழித்தபோது மலையில் பனி இறங்கியிருந்தது. லதா கண்ணாடி முன் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு ஊக்கு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. மரம் முழுசாக நின்றது.

"கல்யாணம் ஆனதுலருந்து நீங்க வாங்கிக் குடுத்ததுல, எனக்கு அளவா இருக்கறது இது ஒன்னுதாங்க" என்றாள்.

பிறகு அதைக் கழற்றி, ஒரு சின்ன ஊசியோடு என்னிடம் கொடுத்தாள். காபி குடிக்கும் முன், சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, என் மனைவியின் இடது கையிலிருந்து தினேஷ் என்ற பெயரை மணி மணியாகப் பிரித்தேன்.