ஸ்டேப்ளருக்கு நீதி வேண்டும்

எங்கள் வீட்டு உள் அறையில் கூரை ஒழுகியது. மழை இல்லை. மேல்வீட்டுத் தண்ணீர். சொட்டு விழுந்த இடம் கட்டிலுக்கு நேர் நடுவே. மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். அவளுக்கு அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை.

"மேல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

முடியாது. எங்கள் குடியிருப்பில் உறுப்பினர் எவரும் இன்னொருவர் கதவைத் தட்டி முறையிடலாகாது. முறையீடுகள் யாவும் இணைய விவாத மன்றத்தில் மட்டுமே சமர்ப்பிக்கப்பட வேண்டும். இது நிர்வாகத்தின் ஆணை. மன்றத்தில் எழுத உறுப்பினராக வேண்டும். உறுப்பினராகப் புனைபெயர் வேண்டும். அது வேறு எவருக்கும் இல்லாததாக இருக்க வேண்டும். இதைக் கண்காணிக்கக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, அறைக்குள் ஓர் ஆள். பதவி, புனைபெயர்த் தனித்தன்மை அலுவலர். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவர் பெயரும் இல்லை. 'நிழல்' என்று இருந்தது.

"உக்காருங்க சார். என்ன பேர் வேணும்?"

"எனக்குப் பேர் இருக்கு. கூரைதான் ஒழுகுது."

"அந்தப் பேர் செல்லாது சார். அது நீங்கதான்னு தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே. ஒழுகறது என் கூரைதானே?"

"தெரிஞ்சா சண்டை வரும்."

"இப்ப மன்றத்துல சண்டை இல்லையா?"

"நாள் பூரா சண்டைதான். ஆனா யாரோட சண்டைன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் லிப்ட்ல எல்லாரும் பார்த்துச் சிரிச்சுக்கறாங்க. முன்னாடி சிரிச்சாங்களா சொல்லுங்க?"

யோசித்தேன். சிரித்ததில்லை.

"சரி. கிழவன்னு போடும்."

தட்டிப் பார்த்தார். "போயிடுச்சு சார். ஒரு காலேஜ் பொண்ணு வச்சிருக்கு."

"மௌனம்."

"அவர்தான் மன்றத்துலயே ஜாஸ்தி எழுதறவர்."

"சிங்கம்."

என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "சிங்கம், புலியெல்லாம் ஆரம்பத்துலயே தீர்ந்துபோச்சு. நரிகூட இல்ல. ஆடு இருக்கு. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

"நனைஞ்சவன்."

"அதுல புகார் வாடை அடிக்குது சார். பேருக்கும் ஆளுக்கும் ஒட்டு உறவே இருக்கக் கூடாது."

எனக்குப் பொறுமை கொஞ்சம். அதுவும் தீர்ந்தது. மேஜைமேல் கிடந்ததைக் காட்டினேன். "இதைப் போடும்."

"ஸ்டேப்ளரா?"

"ஆமாம்யா."

தட்டினார். கண் விரிந்தது. எழுந்து நின்று கை கொடுத்தார். "சார், இதை யாருமே எடுக்கல!"

மாலையே ஆணை வந்தது. 'ஸ்டேப்ளர் என்னும் தாங்கள் இம்மன்றத்தின் உறுப்பினராக மகிழ்வுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டீர்கள்.' வீட்டு எண் எழுதக் கூடாதாம். ஆளை அடையாளம் காட்டிவிடுமாம். 'மேல்வீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நிறுத்தவும்' என்று மட்டும் எழுதினேன்.

பதில்கள் வந்து குவிந்தன. தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை. 'ஸ்டேப்ளர்! அடடா, என்ன பெயர் ஐயா!' 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீரைக் கவனித்தவர் ஒரே ஒருவர். 'அமைதிப் புயல்' என்று பெயர். 'ஸ்டேப்ளர் ஐயாவை நனைக்கும் அந்த மேல்வீட்டுக் கயவன் எவனாக இருந்தாலும், அவன் தண்ணீர் இணைப்பைத் துண்டியுங்கள்' என்று முழங்கியிருந்தார். தங்கமான மனிதர். அன்று இரவு ஈரக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் தொல்லை ஆரம்பித்தது. ஒருவன் 'ஸ்டேப்ளர் பின்' என்று வந்தான். அவன் பின்னாலேயே 'குண்டூசி', 'பஞ்சிங் மெஷின்'. இதுதான் இப்போது நாகரிகமாம். சிங்கம்கூடப் பெயர் மாற்றிப் பேப்பர் வெயிட் ஆனது. சும்மா இருப்பேனா? பின்னுக்கு எதிராக நீண்டதோர் ஆட்சேபம் எழுதினேன். புயல் என் பக்கம் நின்றார். பகலெல்லாம் போர்.

மனைவி வாளியோடு வந்து நின்றாள். "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"கூரையைப் பத்தியா?"

"பின்னைப் பத்தி."

"நாளைக்குப் புள்ளையை எங்க படுக்க வைக்கறது? உங்க பின் மேலயா?"

வாளியை டங்கென்று வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"ஏய், எங்க போற? கதவைத் தட்டக் கூடாது. விதி இருக்கு."

"விதி உறுப்பினருக்குத்தானே? நான் உங்க மன்றத்துல யாரு?"

விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

படித்து முடிப்பதற்குள் சொட்டு நின்றுவிட்டது. அவளும் திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வாஷிங் மெஷின் குழாய் கழண்டு கிடந்தது. சொருகுங்கன்னேன். சொருகிட்டார். தரையெல்லாம் தண்ணி. மனுஷன் காலைத் தூக்கி சோபா மேல வச்சுக்கிட்டு போன்ல மும்முரமா எழுதிக்கிட்டிருந்தார்."

"என்ன எழுதிக்கிட்டிருந்தார்?"

"யாரோ ஸ்டேப்ளராம். அவருக்கு நீதி வேணுமாம்."

கீழே போனேன். "தண்ணி நின்னுடுச்சு. முறையீட்டை முடிச்சு வையும்."

"நிறுத்தினவர் புனைபெயர்?"

"என் மனைவி."

"அப்படி ஒரு உறுப்பினர் இல்லையே சார். அம்மாவை வந்து ஒரு பேர் எடுக்கச் சொல்லுங்க. ஆடு இன்னும் இருக்கு."

மனைவியிடம் சொன்னேன். "எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

நிர்வாகம் அறிவிப்பு வெளியிட்டது. உறுப்பினர் அல்லாதவர் நிறுத்திய தண்ணீர், நின்றதாகக் கருதப்பட மாட்டாது. மன்றம் கொந்தளித்தது. தொடர்ந்து ஒழுகும் நீருக்கு எதிராகத் தளராமல் போராடியமைக்காக அமைதிப் புயலுக்குச் 'சிறந்த அண்டைவீட்டார்' பட்டம் அளிக்க ஒரு தீர்மானம் வந்தது. எதிர்த்திருக்கலாம். எதிர்த்தால் அவர் யாரென்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் பெயர் பறிபோகும். அதைப் பிடிக்க ஸ்டேப்ளர் பின் காத்துக்கொண்டிருக்கிறான்.

தீர்மானத்தை முன்மொழிந்தது ஸ்டேப்ளர்.

மகள் வந்துவிட்டாள். காய்ந்த கட்டிலின் நடுவே பேரன் தூங்குகிறான். மன்றத்தின் பதிவுப்படி அவன்மேல் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. லிப்டில் மேல்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

தண்ணீரை நிறுத்தியது என் மனைவி.