பாங்காக் கத்தரிக்காய் வதக்கல் குறித்து மாப்பிள்ளைக்கு

வடக்குநத்தம்,
மன்னார்குடி வழி,
12.9.2003

பாங்காக்கில் இருக்கும் மேன்மைமிகு மாப்பிள்ளை அண்ணாதுரை அவர்களுக்கு, மாமனார் ரெத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தங்கள் அத்தை நீலாம்பாள், தங்கள் மனைவி சுடர்விழி, அவள் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் இருக்கும் தங்கள் வாரிசு, கறவை மாடு எல்லோரும் சௌக்கியம். காவிரி மட்டும் சௌக்கியமில்லை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, நாற்று விடவில்லை, கை சும்மா இருக்கிறது. தங்கள் சௌக்கியத்தை ஞாயிறுதோறும் தாங்களே தொலைபேசியில் சொல்லிவிடுவதால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் பேசினால் தாங்களும் பேசுகிறீர்கள். கடிதத்தில் நான் மட்டும் பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தொலைபேசியில், "மாமா, சுடர் அங்க வந்து நாலு கிலோ எளச்சிட்டா. இங்க எங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற கடையில ஒரு கத்தரிக்காய் டோஃபு பண்ணுவாங்க, அது ஒண்ணுதான் அவளுக்கு வயித்துல நிக்கிது. 28ஆம் தேதி நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன், பிரசவத்தையும் இங்கயே பாத்துக்கலாம்" என்று சொன்னீர்கள். அப்போது நான் "ஆகட்டும் மாப்பிள்ளை" என்று சொன்னதாகத் தாங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். நான் சொன்னது "பார்க்கலாம் மாப்பிள்ளை." இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவன், வார்த்தையை அளந்துதான் விடுவேன்.

தாங்கள் போனை வைத்த பிறகு இங்கே நடந்ததைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். தங்கள் அத்தை கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். அவளுக்கு முதல் பிரசவம் நடந்தபோது அவளுடைய அம்மா நாலு மைல் தள்ளி நடவில் நின்றார்களாம், சொல்லி அனுப்ப ஆள் இல்லை. தன் மகளுக்காவது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, சுடருக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழைய புடவைகளைக் கிழித்து மடித்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறாள். மன்னார்குடி டாக்டரம்மாவோ, "பத்து நாள் பாப்பேன். எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான்" என்று சொல்லியிருந்தார். சோறு கொதித்தால் குமட்டல், ரசம் தாளித்தால் குமட்டல், சுட்ட அப்பளத்தை மட்டும் நக்கிக்கொண்டு என் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன். பாங்காக்கில் ஒரு தெருக்கடைக்காரன் செய்வதை வடக்குநத்தத்தில் ரெத்தினம் செய்ய முடியாதா? கையில் கரண்டி பிடித்ததில்லை என்பது உண்மை. அதனால் என்ன?

முதலில் சுடர்விழியிடம் அதன் பேரைக் கேட்டேன். "மக்குவா" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று எழுந்து போய்விட்டேன். அப்புறம் அவளே கூப்பிட்டு, அந்த ஊரில் கத்தரிக்காய்க்கு அதுதான் பேர் என்று விளக்கினாள். பூண்டு, ஊசி மிளகாய், கத்தரிக்காய், டோஃபு, சோயா சாஸ், கொஞ்சம் வெல்லம், கடைசியில் ஒரு இலை. அந்த இலைக்குப் பேர் அவளுக்குத் தெரியவில்லை. டோஃபு சோயாவில் செய்வது என்றாள். சோயா என்று கேட்டதும் மன்னார்குடி மளிகைக்கடை இளையபெருமாள், "நம்மகிட்ட இல்லாததா" என்று அரைக் கிலோ மீல்மேக்கரைக் கட்டிக் கொடுத்தார். அதை ஊறவைத்தேன். ஊறியது, உப்பியது, பாத்திரத்தை விட்டு வெளியே வந்தது. வதக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுடர்விழி ஒன்றை வாயில் வைத்து இரண்டு தரம் மென்று, "அப்பா, இது பாத்திரம் தேய்க்கிற பஞ்சுப்பா" என்றாள். மிச்சத்தை மாடு தின்றது. மாட்டுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் தஞ்சாவூர் கீழவாசல் போய், கடை கடையாக ஏறி இறங்கி முழு சோயா பயறு வாங்கி வந்தேன். ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து, பாலாகப் பிழிய வேண்டும். பிழியத் துணி வேண்டுமே. தாங்கள் சென்ற முறை எனக்குக் கொண்டுவந்த பூப்போட்ட வெள்ளைத் துண்டுதான் கைக்குக் கிடைத்தது, மன்னிக்கவும். பிழிந்த பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். அவ்வளவுதான். மாட்டுப்பால் பொங்கினால் பாத்திரத்தோடு நிற்கும், இது பொங்கினால் அடுப்பு, மேடை, சுவர் எல்லாம் ஏறிப் படிந்துவிடுகிறது. மிஞ்சியதில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். திரிந்தது, ஆனால் சேரவில்லை, புட்டு மாதிரி உதிர்ந்து உதிர்ந்து கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகமான நெல்லைத் திருப்பி அனுப்பிய கை இது. அதையும் திருப்பி அனுப்பினேன், மாட்டுக்கு. தங்கள் அத்தை சுவரைச் சுரண்டிக்கொண்டே, "விட்டுருங்க. மாப்பிள்ளையே வந்து கூட்டிட்டுப் போவட்டும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படி விட முடியும்?

அப்போதுதான் மீரா சாகிப் அண்ணன் ஞாபகம் வந்தார். நான் வேதாரண்யம் பக்கம் வேலை பார்த்தபோது தோப்புத்துறையில் டீக்கடை வைத்திருந்தவர். அதற்கு முன்பு பினாங்கில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தார். வயது எழுபத்தாறு. திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நான் பாதி சொல்வதற்குள், "தௌகூவா? டோஃபுவுக்கு அங்க அதான் பேரு. எங்க மெஸ்ஸுக்குப் பக்கத்துலயே சீனக்காரன் போடுவானே, தெனம் பாப்பேன்" என்றார். "எலுமிச்சம்பழம் புழிஞ்சா அது எப்படித் தம்பி சேரும்? அதுக்குக் கசப்புத் தண்ணி வேணும். உப்பு வாரினப்புறம் பாத்தியில நிக்கிமே, நம்ம ஆளுங்க வடிச்சிக் கொட்டிருவாங்களே, அதான். அவன் அதை டின்னுல அடைச்சி வெல சொல்லுவான், இங்க வாய்க்கால்ல ஓடுது." என்னை டிவிஎஸ் 50இல் பின்னால் உட்காரவைத்து உப்பளத்துக்கே கூட்டிப்போனார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, இதையும் ஒருவன் கேட்டு வந்திருக்கிறானே என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுத்தமாகப் பார்த்து ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் கொடுத்தாள். மீரா சாகிப் அண்ணன் பஸ் ஏற்றிவிடும்போது, "கொதிக்கக் காய்ச்சி வடிகட்டு. அப்பறம் ஸ்பூன் ஸ்பூனா ஊத்து தம்பி, அவசரப்படாத" என்றார். இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் நான் அவசரப்பட்டேன்.

அதற்கு முன் ஒரு சங்கடம். வழியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஏறினார். காரைக்காலிலிருந்து சரக்கு கடத்துகிறார்களாம். அறுபது வயது மனிதன், மடியில் வெள்ளைக் கேன், அதில் நிறமில்லாத தண்ணீர். வேறு யாரைப் பிடிப்பார்?

"என்ன பெரியவரே இது?"

"உப்பளத்துத் தண்ணிங்க. மகளுக்கு."

"மகளுக்கா?"

"முழுகாம இருக்குதுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மூடியைத் திறந்து மோந்தார், வாசனை இல்லை. சந்தேகம் கூடிவிட்டது. விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அடுத்த நிமிஷம் ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் கண்டக்டரிடம் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துவிட்டு, "இதைக் கடத்துறவனைப் பிடிக்கச் சட்டமே இல்லைய்யா. ஆனா அந்தப் பொண்ணு பாவம்" என்று இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி, மறுநாள் காலை புதிதாகப் பிழிந்து காய்ச்சிய சோயாப் பாலில் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஸ்பூன் அல்ல, டம்ளர். சேர்ந்தது மாப்பிள்ளை! கட்டியாகச் சேர்ந்தது. துண்டில் கட்டி மேலே அம்மிக்குழவியை வைத்து அழுத்தி, வில்லையாக வெட்டினேன். அத்தை குறுக்கே வந்து, "மொதல்ல நீங்க தின்னுங்க. புள்ளத்தாச்சிக்கு அப்பறம்" என்றாள். நியாயம்தான். கசந்தது. ஆனாலும் மூன்று நாள் உழைப்பு, தோல்வி என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் அத்தனை வில்லையையும் நானே தின்றேன். அந்தத் தண்ணீருக்கு டோஃபுவைச் சேர்க்கிற குணம் மட்டுமல்ல, வயிற்றைக் கலைக்கிற குணமும் உண்டு என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. மரியாதை கருதி மேற்கொண்டு எழுதவில்லை. மறுநாள் முழுக்க நான் கொல்லைப்பக்கமே இருந்தேன். சுடர்விழி எனக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவள் படுக்கையை விட்டு எழுந்து நடந்ததை ஒரு வாரத்தில் அன்றுதான் பார்த்தேன். சிரித்ததையும் பார்த்தேன்.

அடுத்த தரம் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். வெள்ளையாக, மெத்தென்று, கசப்பே இல்லாமல் வந்தது. தின்று பார்த்து அரை நாள் காத்திருந்தேன், வயிறு அமைதி. அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் காய்ந்ததும் பூண்டையும் ஒரு கைப்பிடி ஊசி மிளகாயையும் போட்டேன். கிளம்பிய கமறலில் நான் தும்மி, மாடு தும்மி, நாலாவது வீட்டு நாயும் தும்மியது. அடுத்த வீட்டுப் பிரகதாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "சுத்திப் போட்டீங்களா? இம்மாம் கமறுதே, அப்ப புள்ள மேல கண்ணே இல்ல, கவலப்படாதீங்க" என்று நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். பிஞ்சுக் கத்தரிக்காயை வதக்கி, டோஃபுவைப் போட்டுப் புரட்டிக் கொண்டுபோய் வைத்தேன். சுடர்விழி மோந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எல்லாம் சரியா இருக்குப்பா. அந்த வாசம்தான் இல்ல" என்று தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். மாப்பிள்ளை, மறைக்காமல் எழுதுகிறேன், அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனபோதுதான் விட்டுவிடலாமா என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

அதுவரை ஒதுங்கி நின்ற தங்கள் அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். "அந்த எலை எப்படி இருக்கும் பாப்பா?"

"துளசி மாதிரிம்மா. ஆனா துளசி இல்ல. சோம்பு வாசம் அடிக்கும். தண்டு ஊதாவா இருக்கும்."

அத்தை எழுந்து போனாள். பிரகதாம்பாள் வீட்டு வேலியோரம் போய் ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு வந்து, மகள் மூக்குக்கு நேரே கசக்கிக் காட்டினாள். "இதுவா பாரு. திருநீத்துப்பச்சிலை. வெத ஊறவச்சி சர்பத்துல போடுவோமே." என் பெண் அம்மாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. "இதாம்மா. இதேதான்."

அத்தை கரண்டியை என் கையிலிருந்து வாங்கவில்லை. பக்கத்தில் நின்று, "இப்ப போடுங்க. தீயைத் தணிங்க. போதும், எறக்குங்க" என்றாள். சுடர்விழி அறைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை, அடுப்படிக்கே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு போட்டுச் சாப்பிட்டாள், மாப்பிள்ளை! சோறு! மூக்கு ஒழுக ஒழுக இரண்டு தட்டு. நாங்கள் இருவரும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு, "அந்தக் கடைக்காரம்மா இதைவிட நல்லா பண்ணுவாங்க" என்றாள். பரவாயில்லை. அவளுக்கு அதுதான் தொழில். அன்றிலிருந்து தினமும் ஒரு வேளை அதுதான். இன்று காலை டாக்டரம்மா எடை பார்த்தார், ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை.

ஆகையால், மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, தாங்கள் 28ஆம் தேதி சிரமப்பட்டு வர வேண்டாம். லீவைப் பத்திரமாக வைத்திருந்து தை மாதம் குழந்தையைப் பார்க்க வந்தால் போதும். பிரசவம் இங்கேதான். இதில் மாற்றமில்லை. டோஃபு என்ற ஒரு காரணத்தைத் தாங்கள் சொன்னீர்கள், அந்தக் காரணத்தை நான் துண்டில் கட்டிக் குழவி வைத்து அழுத்திவிட்டேன். தங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். வேளைக்குச் சாப்பிடவும். தாங்கள் எல்லா நலமும் பெற்று, பதவியும் சம்பளமும் உயர்ந்து வாழ மனமார வாழ்த்தும்,

தங்கள் மாமனார்
ப. ரெத்தினம்
(எழுத்தர், ஓய்வு)

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தங்கள் அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. பாப்பாவைக் கேட்டீங்களா?" என்றாள். மாப்பிள்ளை, தாங்கள் அங்கே என்றீர்கள், நான் இங்கே என்றேன். பெறப்போகிறவளை நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டேன். "அங்கதான்ப்பா. அவங்க பக்கத்துல இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு. ஆனா அம்மா கூட வரணும்" என்றாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான், உன் அம்மா ஒருக்காலும் சம்மதிக்க மாட்டாள் என்று நான் சத்தம் போட்டேன். அத்தை சொல்கிறாள்: "வீட்டைத் தூக்கிக்கிட்டுப் போவ முடியாது. நான் எந்திரிச்சிப் போவலாம்ல? நான் இருக்கிற எடந்தான் அதுக்குத் தாய்வீடு." போன வியாழக்கிழமையே பிரகதாம்பாளைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்துவிட்டாளாம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்போது நான் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்கதான் சமைக்கக் கத்துக்கிட்டீங்களே. ஆறு மாசம் ஆக்கித் தின்னுக்கிட்டு, தண்ணி வந்தா நடவைப் பாருங்க" என்கிறாள். ஆகையால் மேலே "வர வேண்டாம்" என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு "அவசியம் வரவும்" என்று படித்துக்கொள்ளவும். வந்ததும், மாமாவும் கூட வந்தால்தான் நல்லது என்று தாங்களாகவே சொல்வதுபோல அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், மாப்பிள்ளை பேச்சைத் தட்ட மாட்டாள்.